2,701 கோடி டாலர் கொடுத்தும் செலவாகக் காணோமே?

வாசகர் ஒருவரின் கேள்வி: "மைக்ரோசாப்ட் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டியபோது, லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்பு இணையதளத்தை வாங்கிய கணக்கில் சிக்கிக்கொண்டேன். 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். லாப நட்டக் கணக்கில் அது செலவாக எங்கேயும் இல்லை. ஆனால் வாங்கிய பிறகு லிங்க்ட்இன் நட்டம் காட்டுகிறது. கொடுத்த விலையில் பாதிக்கு மேல் 'குட்வில்' என்று போட்டிருக்கிறார்கள். இதை எப்படிப் படிப்பது? ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கினால் நான் எதைப் பார்க்க வேண்டும்?"

முதலில் பணம் எங்கே போனது என்று பார்த்துவிடலாம். வீட்டுமனை வாங்கப் பத்து லட்சம் கொடுத்தால் பத்து லட்சம் நட்டம் என்று யாரும் எழுதுவதில்லை. பணம் மனையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இங்கேயும் அதே கதைதான். பணம் போனது லாப நட்டக் கணக்கில் தெரியாது. ரொக்க ஓட்ட அறிக்கையில் முதலீட்டு நடவடிக்கைகளுக்குக் கீழே பாருங்கள். 2017 ஜூனில் முடிந்த நிதியாண்டில் நிறுவனங்களை வாங்கிய வகையில் சுமார் 2,594 கோடி டாலர் வெளியே போயிருக்கும். சில சின்னக் கொள்முதல்களும் அதில் சேர்ந்திருந்தாலும் பெரும்பகுதி லிங்க்ட்இன்தான். வாங்கிய கம்பெனியின் கையில் இருந்த ரொக்கத்தைக் கழித்துக்கொண்டுதான் அந்தத் தொகை எழுதப்படும்.

2016 ஜூன் 13 அறிவிப்பில் சொன்ன விலை பங்குக்கு 196 டாலர், மொத்தம் 2,620 கோடி. கணக்கில் ஏறியதோ 2,701 கோடி. கணக்குக்கு அறிவிப்பு நாள் முக்கியமில்லை, கட்டுப்பாடு கைமாறிய நாள்தான் முக்கியம். இங்கே அது 2016 டிசம்பர் 8. அன்றைய தேதியில் வாங்கப்பட்ட கம்பெனியின் ஒவ்வொரு சொத்தையும் கடனையும் நியாய மதிப்பில், அதாவது அன்றைய சந்தையில் என்ன விலை போகுமோ அதில், புதிதாக விலை போடுவார்கள். லிங்க்ட்இன்னின் பழைய ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பது இனி பெரிதாகச் செல்லாது.

அந்தப் பட்டியல் இப்படி வந்தது. ரொக்கமும் குறுகிய கால முதலீடும் சேர்ந்து சுமார் 344 கோடி டாலர். மற்ற நடப்புச் சொத்து 70 கோடி. கட்டடம், கருவிகள் 153 கோடி. புலனாகாச் சொத்துகள், அதாவது கையால் தொட முடியாத சொத்துகள், 789 கோடி. மறுபக்கம் கடனும் மற்ற பொறுப்புகளும் சேர்ந்து சுமார் 335 கோடி. கூட்டிக் கழித்தால் நிகரம் ஏறக்குறைய 1,020 கோடிதான் தேறுகிறது. கொடுத்ததோ 2,701. இடையில் நிற்கும் 1,680 கோடிக்குப் பெயர்தான் குட்வில். பள்ளியில் 'நற்பெயர்' என்று படித்திருப்பீர்கள். கடைவீதியில் ஓடுகிற கடையைக் கைமாற்றும்போது சரக்குக்கும் அலமாரிக்கும் மேலே ஒரு தொகை கேட்பார்களே, அதன் வாரிசு இது. ஆனால் கடைக்காரர் அதைத் தனியாக விலை பேசுகிறார். இங்கே குட்விலை யாரும் நேரடியாக மதிப்பிடுவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் விலை போட்டபின் மிச்சம் விழுகிற எண் அது. அந்த எண்ணைப் பார்த்து 'இவ்வளவு நற்பெயரா!' என்று வியக்க வேண்டாம்.

வியக்க வேண்டிய இடம் அதற்கு ஒரு வரி மேலே இருக்கிறது, அந்த 789 கோடி. அதன் பிரிப்பைக் குறிப்புகளில் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் உறவுகள் 361 கோடி, ஆயுள் 7 ஆண்டு. பெயரும் முத்திரையும் 215 கோடி, 20 ஆண்டு. தொழில்நுட்பம் 211 கோடி, வெறும் 3 ஆண்டு. ஒப்பந்தங்கள் 2 கோடிச் சொச்சம். இவற்றை அந்தந்த ஆயுளுக்குள் ஆண்டுதோறும் போக்கெழுத வேண்டும், அதாவது மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எழுத வேண்டும். அது செலவாக லாபத்தைத் தின்னும். குட்விலை அப்படிப் போக்கெழுத வேண்டியதில்லை, அது அப்படியே நிற்கும். தொழில்நுட்பத்தின் 211 கோடியைச் சமமாகப் பிரித்தாலே ஆண்டுக்கு 70 கோடி டாலர் செலவு. அதே தொகை குட்விலுக்குள் விழுந்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது! ஆக ஒரே விலை, ஒரே கம்பெனி. பிரிப்பு மாறினால் வரப்போகும் ஆண்டுகளின் லாபம் மாறும். மதிப்பீட்டாளர் அறையில் நடக்கும் பேச்சு முழுக்க இந்தப் பிரிப்பைச் சுற்றித்தான். கைமாறிய நாளிலிருந்து ஓராண்டு வரை அதைத் திருத்தவும் விதி இடம் கொடுக்கிறது.

உங்களைக் குழப்பிய நட்டமும் இங்கிருந்து வந்ததுதான். கைக்கு வந்த நாள் முதல் 2017 ஜூன் 30 வரை லிங்க்ட்இன் வருவாய் சுமார் 227 கோடி டாலர், இயக்க நட்டம் 92.4 கோடி. அந்த நட்டத்துக்குள் 86.6 கோடி புலனாகாச் சொத்துகளைப் போக்கெழுதியது. அதை எடுத்துவிட்டால் நட்டம் 6 கோடிக்குள் வந்துவிடுகிறது. தொழில் படுத்துவிடவில்லை; வாங்கிய விலை தவணை தவணையாகச் செலவுக் கணக்கில் இறங்குகிறது. மூன்று ஆண்டு கழித்து தொழில்நுட்பத்தின் பங்கு தீர்ந்ததும் லாபம் தானாகவே ஒரு படி ஏறும். அதைப் பார்த்து நிர்வாகத்துக்கு மாலை போட வேண்டியதில்லை.

அதற்காக 'அது வெறும் ஏட்டுச் செலவு, அதை ஒதுக்கிவிட்டு லாபத்தைப் பாருங்கள்' என்று கம்பெனிகள் சொல்வதை அப்படியே நான் ஏற்பதும் இல்லை. பொறியாளர்களைச் சம்பளத்துக்கு வைத்து மென்பொருளைத் தானே எழுதும் கம்பெனிக்கு அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி செலவாக ஏறுகிறது. அதே மென்பொருளை விலைக்கு வாங்கிய கம்பெனி, போக்கெழுதலையும் ஒதுக்கிவிட்டு லாபம் காட்டினால், மென்பொருள் ஓசியில் கிடைத்த மாதிரி ஆகிவிடும். போக்கெழுதலோடு வரும் லாபம், அதை ஒதுக்கினால் வரும் லாபம், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வழக்கறிஞர், முதலீட்டு வங்கி போன்றோருக்குக் கொடுத்த கட்டணம் விலையில் சேராது, அந்தந்தக் காலத்திலேயே செலவு. அப்புறம், பொறுப்புகளில் 77 கோடி டாலர் 'ஒத்திவைத்த வரி' என்று இருக்கும், பின்னால் கட்ட வேண்டிவரும் வரி அது. பங்குகளை வாங்கும்போது ஏட்டில் சொத்தின் மதிப்பு ஏறுகிறது, வரித் துறையிடம் ஏறுவதில்லை. அந்த வேறுபாட்டின் விளைவு அதில் இருக்கிறது. இப்படி ஒரு பொறுப்பு ஏறினால் மிச்சத்தில் விழும் குட்விலும் அந்த அளவுக்குப் பெருகும். நம் ஊர் கணக்கு விதியான இண்ட் ஏஎஸ் 103இலும் அடிப்படை இதேதான்.

சரி, போக்கெழுதாத குட்வில் என்றைக்குமே குறையாதா? ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். மதிப்பு இறங்கியிருந்தால் ஒரே அடியாக வெட்ட வேண்டும். இதற்கும் மைக்ரோசாப்ட் ஏட்டிலேயே உதாரணம் உண்டு. 2007இல் சுமார் 630 கோடி டாலருக்கு விளம்பர நிறுவனம் ஏகுவான்டிவ்வை வாங்கினார்கள். 2012 ஜூனில் முடிந்த காலாண்டில் 620 கோடியை வெட்டினார்கள். பங்குச் சந்தைக்கு வந்த பிறகு மைக்ரோசாப்ட் காட்டிய முதல் காலாண்டு நட்டம் அதுதான். 2014 ஏப்ரலில் கைக்கு வந்த நோக்கியா கைபேசித் தொழிலுக்கு விலை சுமார் 940 கோடி. அடுத்த ஆண்டே சுமார் 750 கோடி போனது.

இந்த வெட்டைப் பார்த்து அன்றைக்குப் பங்கை விற்க ஓடுவது தாமதமான ஓட்டம். பணம் போனது வாங்கிய நாளில். தொழில் சரிந்தது இடைப்பட்ட காலத்தில். ஏடு கடைசியில்தான் ஒப்புக்கொள்கிறது. சில சமயம் ஒப்புக்கொள்ளாமலும் போகும். ஏனென்றால் குட்விலைத் தனிக் கம்பெனியாக வைத்துச் சோதிப்பதில்லை, அது சேர்ந்திருக்கும் தொழில் பிரிவோடு சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். நன்றாகச் சம்பாதிக்கும் பிரிவுக்குள் போட்டுவிட்டால் சோடையான கொள்முதல்கூட அதன் நிழலில் பல ஆண்டுகள் வெயில்படாமல் இருக்கும். கைபேசித் தொழிலுக்கு அப்படி நிழல் தரும் பிரிவு இல்லை, அதனால் சீக்கிரமே வெளியே தெரிந்துவிட்டது.

ஆகவே அடுத்த முறை ஒரு பெரிய கொள்முதல் செய்தி வந்தால், அந்த ஆண்டறிக்கையில் கையகப்படுத்தல் பற்றிய குறிப்புக்கு நேராகப் போங்கள். புலனாகாச் சொத்துகளுக்குப் போட்ட ஆயுளைப் பாருங்கள். தொழில்நுட்பத்துக்குப் பத்து, பதினைந்து ஆண்டு என்று இருந்தால் புருவத்தை உயர்த்துங்கள். குட்வில் எந்தப் பிரிவில் வைக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அடுத்த மூன்று, நான்கு அறிக்கைகளில் அதே அட்டவணையைத் திறந்து பாருங்கள். பிரிவுகளை மாற்றியமைத்தோம் என்று சொல்லி குட்விலை இடம் மாற்றியிருந்தால், அது எங்கிருந்து எங்கே போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.