ஸ்பீக்கர் மாட்டிய கதவும் நனைந்த கால்மிதியும்

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய சிறிய கார் ஒன்றைக் கோடையில் வாங்கினேன். மழை தொடங்கியதிலிருந்து முன்பக்க இடது இருக்கையின் கால்மிதி நனைந்துவிடுகிறது. மெக்கானிக் முன்கண்ணாடியைச் சுற்றி இரண்டு முறை சிலிகான் பூசியும் பயனில்லை. முந்தைய உரிமையாளர் கதவுகளில் பெரிய ஸ்பீக்கர் மாட்டியதைத் தவிர வண்டியில் வேறு மாற்றம் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போகிறபோக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் அந்த ஸ்பீக்கர்தான் என் முதல் சந்தேகம். ஆனாலும், உள்ளே வருவது மழைநீர்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் ஏசியின் குளிர்விக்கும் பகுதி டாஷ்போர்டின் இடது பக்கம் இருப்பதால், அதன் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் நீர் நீங்கள் சொல்லும் அதே கால்மிதியில்தான் இறங்கும். மழையில்லாத புழுக்கமான நாளில் ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் ஏசியின் மேல் பழி இல்லை. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

கதவு என்பது நீர் புகாத பெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும்படியே கதவை அமைக்கிறார்கள். அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது, டோர் பேடுக்கு (கதவின் உட்புற மூடிக்கு) பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாட்டுபவர்கள் அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு, பேடை மூடி அனுப்பிவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

சோதிப்பதற்கு இருவர் வேண்டும். கால்மிதியை எடுத்துவிட்டு, கதவு நிலையின் அடிப்பகுதியில் முகப்பவுடரைத் தூவி, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். மற்றவர் அழுத்தமில்லாத ஹோஸால் கதவின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று, மெல்ல மேலே போகட்டும். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒருசேர நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். பவுடரில் நீர் கோடு கிழித்த இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். கதவில் ஒன்றும் இல்லையென்றால், வைப்பருக்கு அடியிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியென்றால் அதன் வடிகாலைச் சருகு அடைத்திருக்கும், கையால் அள்ளினாலே போதும்.

தாள் கிழிந்திருந்தால் புதிய தடித்த பிளாஸ்டிக் தாளை பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்து ஒட்டி, அதன் கீழ்முனை கதவின் உட்குழிக்குள் இறங்கியிருக்குமாறு விடுங்கள்; அடித்துளைகளின் சேற்றையும் குத்தி எடுங்கள். மறுபடியும் சிலிகான் பூச விடாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவான வகை, கீறல் விழுந்த தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஓட்டையை அடைத்தபின் மேல்விரிப்பை மட்டும் வெயிலில் காயவைத்தால் நாற்றம் போகாது, ஏனெனில் நீரைக் குடித்து வைத்திருப்பது அதன் அடியிலுள்ள பஞ்சுதான். இருக்கையைக் கழற்ற வேண்டியிருக்கும். அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தது, பேட்டரி இணைப்பை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்தே அதைத் தொடுங்கள்.

கேள்வி: பழைய காரின் உட்புறம் ஈரவாடை அடித்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியா?
– வாசகி, தாம்பரம்

பதில்: வாடை மட்டும் சாட்சியாகாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த உங்கள் ஊரில் சந்தேகப்படுவது நியாயமே. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண்கறைக் கோடு தெரிந்து, இருக்கைத் தண்டவாளங்களிலும் துரு ஏறியிருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.