லென்சில் கோளாறா, கடைக்காரர் பேச்சில் கோளாறா?

கேள்வி: என் கணவர் தம் நிக்கான் டி7500 கேமராவுக்கு ஒரு கடையில் பழைய 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மகளின் காதுகுத்துப் படங்களில் கண் மங்கலாகவும் காது பளிச்சென்றும் விழுந்திருக்கிறது. லென்சை அனுப்பிச் சரிசெய்ய 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்கிறார் கடைக்காரர். இன்னொன்று: கூடத்தில் மாட்டியிருக்கும் காலஞ்சென்ற மாமனாரின் படம் (கண்ணாடி இல்லை, பலகையில் ஒட்டியது) இரண்டு ஆண்டுக்குள் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மறுபடி அச்சிடப் போனால் ‘நூறாண்டுத் தாள்’ என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டுக்குமே இப்போது காசை எடுக்காதீர்கள்.

படம் மங்கல் என்று யார் போய் நின்றாலும் ‘கேலிப்ரேஷன்’ (லென்சின் ஃபோகஸைச் சீர்செய்வது) என்று ஒரே மாத்திரையைக் கொடுப்பது பல கடைகளின் வழக்கம். பெரும்பாலும் கடைக்காரர் லென்சைத் தாமே திறப்பதில்லை. சேவை நிலையத்தில் கொடுத்து வாங்கி, நடுவில் தம் பங்கைச் சேர்த்துக்கொள்வார். அந்த நடையை உங்கள் கணவரே நடக்கலாம். அதற்கும் முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியது இருக்கிறது.

காதாவது தெளிவாக இருக்கிறது என்பதால் கை நடுக்கம் காரணமில்லை. எஃப்/1.8-இல், அதாவது லென்சின் துளையை முழுக்கத் திறந்து வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் தெளிவு விழும் ஆழம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான். ஆசாரி ஊசியோடு நெருங்கும்போது குழந்தை தலையை வெடுக்கென்று திருப்பினாலே தீர்ந்தது. ஆகவே எல்லாப் படங்களையும் வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் மூக்கு, ஒன்றில் காது என்று மாறி மாறித் தெளிவு விழுந்திருந்தால் லென்சைத் திட்டாதீர்கள். எல்லாவற்றிலும் கண்ணுக்குப் பின்னால்தான் விழுந்திருக்கிறது என்றால் மட்டும் சோதனைக்குப் போங்கள்.

தமிழ் முரசு தாள் ஒன்றைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பகல் வெளிச்சம் விழும் சுவராக இருக்கட்டும். மூன்று மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவைச் சுவருக்கு நேராக வையுங்கள். எஃப்/1.8, நடு ஃபோகஸ் புள்ளி மட்டும், டைமர். முதலில் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து எடுப்பது) ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஐந்தாறு படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட வேண்டும். கலைக்காமல் எடுத்தால் அது சோதனையே இல்லை.

டி7500 போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராவில் வியூஃபைண்டர் வழியே பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது உள்ளே இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உணரி (சென்சார்). லைவ் வியூவில் அளப்பது படம் பிடிக்கும் உணரியே. இரண்டும் ஒத்துப்போனால் லென்ஸ் நல்லது. லைவ் வியூ படம் மட்டும் எழுத்து எழுத்தாகத் தெளிந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே சின்னப் பிசகு. அதற்கு டி7500-இன் அமைப்புப் பட்டியலிலேயே ‘ஏஎஃப் ஃபைன் ட்யூன்’ என்ற ஃபோகஸ் திருத்தம் இருக்கிறது, +20 முதல் −20 வரை. உங்களுக்குத் தெளிவு பின்னால் விழுவதால் மைனஸ் பக்கம் −5, −10 என்று வைத்துப் பாருங்கள். செலவு பூஜ்யம். இரண்டு வகையிலும் மங்கல் என்றால் லென்சிலேயே கோளாறு. நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.

மேசையில் அளவுகோலைச் சாய்த்து வைத்து எடுக்கச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். வியூஃபைண்டரில் தெரியும் சதுரத்தைவிட உணரி அளக்கும் பரப்பு பெரிது. நீங்கள் குறிவைத்த கோட்டை விட்டு மேலே கீழே உள்ள கோட்டை அது பிடித்துக்கொள்ளும். நல்ல லென்சும் குற்றவாளியாகிவிடும்.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. அதை இழுத்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டு விசேஷமெல்லாம் மஞ்சள் விளக்கில்தான் நடக்கிறது. லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. ஃபோகஸை அளக்கும் அந்தத் தனி உணரி ஒளியின் நிறத்தைப் பொறுத்துக் கொஞ்சம் ஏமாறும். பகலில் சுவரில் ஒட்டிய தாள் அப்பழுக்கில்லாமல் வரும். அன்று மாலையே குத்துவிளக்கும் வெதுவெதுப்பான பல்பும் எரியும் கூடத்தில் அதே லென்ஸ் சற்றுத் தள்ளி விழும். பகலில் வைத்த −5 இரவில் பொருந்தாது, இரவில் வைத்தது பகலைக் கெடுக்கும். இதை எந்தச் சேவை நிலையமும் தீர்த்துத் தராது, ஆனால் கட்டணம் வாங்கிக்கொள்ளும். ஆகவே சோதனையை ஒரு முறை பகலிலும் ஒரு முறை உங்கள் கூடத்து விளக்கிலும் செய்யுங்கள். விளக்கில் மட்டும் பிசகினால் எதையும் திருத்தாமல், விசேஷத்தன்று லைவ் வியூவில் எடுங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும், படம் சரியாக வரும்.

லென்சிலேயே கோளாறு என்று தெரிந்தால் 180 வெள்ளி ஏன்? 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த ‘லெமன் லா’ (குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டம்) கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. மூன்று மாதம்தானே ஆகிறது, ரசீதோடு போங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கம், அதற்கு மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். கேரோசல் இணையச் சந்தையில் தனியாள் ஒருவரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. லோக்கல் செட்டா (உள்ளூர் முகவர் வழி வந்தது), எக்ஸ்போர்ட் செட்டா (கடையே வெளியிலிருந்து தருவித்தது) என்றும் ரசீதில் பாருங்கள். எக்ஸ்போர்ட் செட் என்றால் உத்தரவாதத்தைச் சுமப்பது கடைதான். ஒரே நிறுவனத்தின் ஒரே பொருளுக்கு இரண்டு ஜாதி ஏன் என்று கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

இனி மாமனாரின் படம். ஆரஞ்சு நிறம் என்றதுமே பாதி தெரிந்துவிட்டது. நுண்துளைப் பூச்சுள்ள, உடனே உலரும் பளபளப்புத் தாளில் சாய மையால் அச்சிட்டுக் கண்ணாடியில்லாமல் மாட்டினால், காற்றிலுள்ள ஓசோன் சயான் என்ற நீலநிறச் சாயத்தை முதலில் தின்றுவிடும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். 2000-ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 அச்சுப்பொறிகளில் இதே கதை நடந்து பெரிய புகாராகியது. நாள் முழுக்கச் சன்னலைத் திறந்து வைக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் காற்றுக்குத் தடை ஏது?

‘நூறாண்டுத் தாள்’ என்று தனியாக ஒன்று கிடையாது. தாள், மை, மாட்டும் முறை மூன்றும் சேர்ந்ததுதான் ஆயுள். சொல்லும் ஆண்டுக் கணக்கும் யார் அளந்தார் என்பதைப் பொறுத்தது. அச்சுப் படங்களின் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகம் நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் என்று வைத்துக் கணக்கிடும். கோடாக் ஒரு காலத்தில் 120 லக்ஸ் வைத்துக் கணக்கிட்டது. கோடாக் கணக்கில் நூறு ஆண்டு என்பது வில்ஹெல்ம் கணக்கில் இருபத்தேழாகச் சுருங்கும். இதை அட்டையில் பெரிய எழுத்தில் போட வைக்க யாருக்கும் மனமில்லை.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: “மை டையா (சாயம்), பிக்மென்டா (நிறமித் துகள்)?” பதில் ‘ஒரிஜினல் மைதான்’ என்று மழுப்பலாக வந்தால் வெளியே வந்துவிடுங்கள். பிக்மென்ட் மை, அந்த அச்சுப்பொறி நிறுவனத்தின் தாள், இரண்டின் பெயரும் ரசீதில் எழுதித் தர வேண்டும். அளவுக்கு மீறி வெள்ளை வெளேரென்ற தாள் வேண்டாம். அதில் கலந்திருக்கும் வெண்மையூட்டி முதலில் தளர்ந்து தாள் மஞ்சளாகும். அச்சிட்டதை ஒரு நாள் திறந்தபடி உலரவிட்டு, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. சட்டம் போடும் கடையில் அட்டை விளிம்பு தேவையில்லை என்பார்கள், காசு கொடுப்பது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். பழைய படத்தின் கோப்பு இருக்கிறதா என்று இன்றே தேடி வையுங்கள். இல்லையென்றால் ஆரஞ்சான படத்தையே ஸ்கேன் செய்து நிறம் மீட்க வேண்டும். அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.