மாடித்தோட்ட லெட்யூஸ் ஏன் கசக்கிறது?

கேள்வி: மதுரையில், மாடித் தொட்டிகளில் பிப்ரவரி இறுதியில் லெட்யூஸ் விதைத்தேன். பாதி விதைகள் முளைக்கவே இல்லை. முளைத்தவையும் ஏப்ரலில் நெடுநெடுவென உயர்ந்துவிட்டன. இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. கசப்பு தாங்க முடியவில்லை. அந்தப் பால் நஞ்சா?

பதில்: நஞ்சு அன்று, அஞ்ச வேண்டாம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிக்குப் பால் இயல்பானது. லாக்டூகா என்ற அதன் தாவரவியல் பெயரே பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். பாலில் உள்ள லாக்டூசின் முதலிய பொருள்கள் இளம் இலையில் குறைவாகவும், செடி பூக்கத் தயாராகும்போது மிகுதியாகவும் இருப்பதால்தான் இந்தக் கசப்பு.

லெட்யூஸுக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். நீலகிரியில் அது தானாகவே கிடைக்கிறது. மதுரையின் பங்குனி வெயிலில் கிடைக்காது. வெப்பமும் பகல் நேரமும் கூடும்போது செடி இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு நடுக்குருத்திலிருந்து பூத்தண்டை நீட்டத் தொடங்கும். அதன்பின் தண்டை ஒடித்தாலும், தண்ணீரைக் கூட்டினாலும் பழைய சுவை திரும்பாது. இலைகளைக் கொதிநீரில் சற்றுப் போட்டு வடித்துவிட்டுப் பொரியலில் சேர்த்தால் கசப்பு ஓரளவு தணியும்.

முளைக்காததற்கும் வெப்பம் ஒரு காரணம். மண்ணின் சூடு 30 டிகிரியை நெருங்கினால் பல ரகங்களின் விதைகள் உயிரோடிருந்தும் முளைக்க மறுக்கும். மற்றொரு காரணம், ஆழம். பல லெட்யூஸ் ரகங்களின் விதைக்கு வெளிச்சம் வேண்டும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தார், சிவப்பு ஒளி பட்டால் இவ்விதை முளைப்பதையும், உடனே தொலைசிவப்பு ஒளி (சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் முளைப்பு தடைபடுவதையும் 1952-இல் வெளியிட்டனர். தாவரங்கள் ஒளியை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டறிய வழிவகுத்தது இந்தச் சிறு விதைதான். ஆகவே விதையை மண்ணின் மேலே தூவி, மூடியும் மூடாததுமாக மெல்லிய மட்கு உரம் தூவினால் போதும்.

அடுத்த முறை கார்த்திகையில் விதையுங்கள். உருண்டையாகக் கட்டும் ஐஸ்பெர்க் ரகத்தைச் சமவெளியில் முயல வேண்டாம்; விரிந்து வளரும் இலை ரகமே ஏற்றது. தொட்டி மண் காயாமல், நண்பகலில் நிழல்வலையின் கீழ் வைத்து, வெளி இலைகளை அதிகாலையில் இளசாகவே பறியுங்கள். பச்சையாக உண்பது என்பதால், ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவுவது கட்டாயம்.

விதை எடுக்க விரும்பினால், முதலில் பூத்த செடியை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பூத்ததிலிருந்து எடுங்கள். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி என்பதால், கலப்பினமல்லாத ரகமாயின் அந்தப் பொறுமைக் குணம் அடுத்த தலைமுறைக்கும் செல்ல வாய்ப்புண்டு.