கார் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது என்றால் என்ன?

முன்பக்க என்ஜின் அறையில் இருக்கும், சுமார் 15 கிலோ எடையுள்ள பேட்டரியைப் பின்புற டிக்கிக்குக் கொண்டுபோவதுதான் இந்த மாற்றம். முன்சக்கரங்களின் பாரம் குறைவதோடு, என்ஜின் சூட்டிலிருந்தும் பேட்டரி தப்புகிறது. 1959இல் வெளிவந்த மினி காரில் தொழிற்சாலையிலேயே அது டிக்கியில்தான் வைக்கப்பட்டது.

கவனம் வேண்டியது கேபிளில். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நீண்ட, மெல்லிய குழாயில் வரும் தண்ணீர் கடைசிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் போல, ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் மெல்லிய கேபிளில் தளர்ந்துவிடும் என்பதால், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனுள்ள செம்புக் கேபிள் தேவை. அதைவிட முக்கியமாக, பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் போட வேண்டும். இல்லையேல், இருக்கைக்கு அடியில் தகரத்தில் உரசி உறை கிழிந்த கேபிள் நொடிகளில் தீப்பிடிக்கக்கூடும்.

மூடிய வகை பேட்டரியிலிருந்து வாயுவே வராது என்று பலர் நம்புகிறார்கள். அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் அதன் வால்வு திறந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால், வாயுக் குழாயை வண்டிக்கு வெளியே விட்டே ஆக வேண்டும்.