காந்த ஜெனரேட்டரில் ஐந்து லட்சம் போடலாமா?

கேள்வி: கருங்கல் பக்கம் வசிக்கிறோம். என் கணவர் பதினெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு ஊர் திரும்பினார். மகளின் திருமணத்துக்காக எட்டு லட்சம் ரூபாய் பிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒரு மண்டபத்தில், எரிபொருள் இல்லாமல் காந்தத்தாலேயே ஓடும் ஜெனரேட்டரை ஒருவர் இயக்கிக் காட்டினார். பத்து எல்.இ.டி. பல்புகள் அரை மணி நேரம் எரிந்தன. ஐந்து லட்சம் கொடுத்தால் மாதம் 15,000 ரூபாயும், தொழிற்சாலை வந்ததும் டீலர்ஷிப்பும் தருவாராம். காப்புரிமை விண்ணப்ப எண்ணையும் காட்டினார். பதிவுத் தொகையாக 10,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம். மீதியை மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். என் கணவர் அவரை முழுமையாக நம்புகிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

பதில்: சகோதரி, டெபாசிட்டை உடைக்காதீர்கள். உங்கள் மனம் ஒப்பாததற்குத் தக்க காரணம் இருக்கிறது.

அந்தப் பத்து பல்புகளிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பல்பு 9 வாட் என்றால் பத்துக்கும் சேர்த்து 90 வாட். அரை மணி நேரத்துக்கு 45 வாட்-மணி மின்சாரம் போதும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள சின்ன பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. ஒரு செங்கல்லைவிடச் சிறியது அது. இயந்திரத்தின் அடித்தட்டுக்குள் வைத்து மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அரை மணி நேரம் பல்பு எரிந்ததால் எதுவும் நிரூபணமாகவில்லை என்கிறேன்.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. கோதையாறில் தண்ணீர் விழுகிறது, டர்பைன் சுற்றுகிறது. முப்பந்தலில் காற்று அடிக்கிறது, இறக்கை சுற்றுகிறது. தண்ணீர் குறைந்தால் உற்பத்தி குறையும். காற்று சீசன் முடிந்தால் ஆரல்வாய்மொழியில் பாதிக் காற்றாடிகள் சும்மா நிற்பதை பஸ்ஸில் போகும்போதே பார்க்கிறோம். காற்றாலை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: எந்த மாதம் வருமானம், எந்த மாதம் வறட்சி என்று மீட்டர் கணக்கோடு சொல்வார். உண்மையான தொழில்நுட்பத்துக்கு மோசமான மாதங்கள் உண்டு. உங்களிடம் பேசியவர் ஒரு மோசமான மாதத்தையாவது சொன்னாரா? காந்தம், நெருங்கி வரும் இரும்பை இழுக்கும். அதே இரும்பு விலகிப் போகும்போது பிடித்து நிறுத்தும். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றில் மிச்சம் எதுவும் நிற்காது.

இந்தக் கதை பழையது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் கீலி என்பவர், புதிய சக்தியால் ஓடும் மோட்டார் என்று சொல்லி 1870-களில் கம்பெனி தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பங்குதாரர்கள் காத்திருந்தார்கள். விற்பனைக்கு ஒரு மோட்டார்கூட வரவில்லை. கிளாரா மூர் என்ற பணக்கார விதவை அவரை நம்பிப் பெரும் பணம் கொடுத்தார். 1898-ல் கீலி இறந்தபின், அந்த அம்மையாரின் மகன் அதே கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தரையைப் பெயர்த்துப் பார்த்தார். கீழே காற்றை அழுத்தி அடைத்து வைக்கும் பெரிய இரும்பு உருண்டையும் குழாய்களும் கிடந்தன. தாய் கொடுத்த பணம் எங்கே போனது என்பதை மகன் தரையைத் தோண்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விண்ணப்ப எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது மனு கொடுத்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். யார் கொடுத்தாலும் எண் கிடைக்கும். இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்று 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவே சொல்கிறது.

இனி பணக் கணக்கு. ஐந்து லட்சத்துக்கு மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். தொழிற்சாலையே இன்னும் இல்லை, ஒரு ஜெனரேட்டர்கூட விற்கவில்லை. முதல் மாதத்து 15,000 எங்கிருந்து வரும்? உங்களுக்குப் பின்னால் சேருபவரின் பணத்திலிருந்துதான் வர முடியும். முறையான அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் இப்படி டெபாசிட் திரட்டுவதை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்குப் போட்டுப் பணத்தை மீட்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். அதற்குள் உங்கள் மகளின் திருமண வயது காத்திருக்குமா?

சில ஆண்டுகளுக்கு முன் ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், இதே போன்ற ஒரு திட்டத்தில் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் உறையில் ரசீதுகளை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து மேசையில் வைக்கும்போதும், "நல்ல மனிதர் சார், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்" என்றார். அவரைப் பார்த்த பிறகு, ஆளின் நாணயத்தைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டேன். நீங்களும் கணவரிடம் அந்த மனிதரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் தம் இயந்திரத்தை மனதார நம்பவும் கூடும். ஒரே ஒரு சோதனையை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இயந்திரம் உங்கள் முற்றத்தில் வெறும் சிமெண்ட் தரையில், மூடிகள் எல்லாம் கழற்றப்பட்டு, ஒரு மின் மீட்டரோடு ஏழு நாள் இரவும் பகலும் ஓட வேண்டும். உங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் தினமும் யூனிட்டைக் குறித்து வைக்கட்டும். "முதலில் பணம், பிறகு சோதனை" என்று பதில் வந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மின் செலவைக் குறைப்பதுதான் உங்கள் ஆசை என்றால், வீட்டுக் கூரையில் சோலார் வைக்க மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும். மழை நாளில் குறையும். அதற்கும் திருமண டெபாசிட்டைத் தொடாதீர்கள்.

கொடுத்த 10,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால், தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு, திருப்பித் தரும்படி ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தின் நகலோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.