பெரிய திரைக் கைப்பேசி: அங்குலத்தை விடுங்கள், அகலத்தைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. மியான்மரில் பெகு நகரில் வசிக்கிறேன். மலேசியாவில் வேலை செய்யும் மகன், 6.8 அங்குலத் திரை உள்ள கைப்பேசியை வாங்கி, ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்கிறான். கண்ணுக்கு நல்லதாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருப்பதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் பாதித் திரைக்குக்கூட எட்டவில்லை. சிறிது நேரத்தில் மணிக்கட்டும் வலித்தது. அடிக்கடி பஸ்ஸில் யாங்கோன் போய் வருகிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கையில் வாங்கிப் பார்த்தபோதே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மகனுடைய அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கண் கேட்பது பெரிய எழுத்தை. அதை இப்போது வைத்திருக்கும் கைப்பேசியிலேயே செய்துகொள்ளலாம்.

கடைக்காரர்கள் சொல்லும் அங்குலக் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்தது. 2007இல் வந்த முதல் ஐபோனுக்கு அது 3.5 அங்குலம். 2011இல் 5.3 அங்குலத்தோடு கேலக்ஸி நோட் வந்தபோது, இவ்வளவு பெரியதை யார் காதில் வைத்துப் பேசுவது என்று பலரும் கேட்டார்கள். இன்று 6.5, 6.7 என்பதுதான் சாதாரண அளவு. ஆனால் குறுக்களவு உங்கள் கைக்கு எதையும் சொல்லாது. பிடிக்கும் கைக்குத் தெரிவதெல்லாம் அகலமும் எடையும்தான். சாம்சங் எஸ்24 எடுத்துக்கொள்ளுங்கள். திரை 6.2 அங்குலம், அகலம் 70.6 மில்லிமீட்டர், எடை 167 கிராம். அதே வரிசையில் அல்ட்ரா என்று விற்றது 6.8 அங்குலம், 79 மில்லிமீட்டர், 232 கிராம். காகிதத்தில் அரை அங்குலச் சொச்சம்தான் வித்தியாசம். கையில் அது அறுபது கிராமுக்கு மேல் கூடுதல் பாரம். உறை போட்டால் இன்னும் கூடும்.

மகனிடம் இப்படிக் கேளுங்கள்: "அகலம் 72 மில்லிமீட்டருக்குள், எடை 180 கிராமுக்குள் எது இருக்கிறது?" தேடினால் கிடைக்கும், ஆனால் அதிகம் கிடைக்காது. ஆப்பிள் 2021இல் 64.2 மில்லிமீட்டர் அகலத்தில் 13 மினி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மினியே வரவில்லை. விற்பனை குறைவு என்பார்கள். சிறிய கை உள்ள பெண்களும் முதியவர்களும் இந்த உலகில் குறைவா? அட்டைப் பெட்டியின் முகப்பில் அங்குலத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், அகலத்தையும் எடையையும் அதே அளவு எழுத்தில் போட்டால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 163 மில்லிமீட்டர் நீளம், 79 மில்லிமீட்டர் அகலத்தில் கெட்டி அட்டை வெட்டி, பின்னால் இருநூறு கிராம் அரிசியைச் சிறு பொட்டலமாக ஒட்டுங்கள். நின்றபடி ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்டையின் மேல் மூலையைக் கட்டைவிரலால் தொடப் பாருங்கள். யாங்கோன் நகர பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது உங்கள் நிலை இதுதான். தொட முயலும்போது பிடி தளரும். கைப்பேசி விழுவது அந்த நொடியில்தான். நம் ஆண்கள் கைலியின் பின்பக்க இடுப்பில் செருகிக்கொள்வதும் அகலமான கைப்பேசிக்கு ஆகாது. உட்கார்ந்து எழும்போது நழுவி விழுந்து திரை விரிசல் விட்ட கதையோடு, கைப்பேசி பழுது பார்க்கும் என் பட்டறைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள்.

இப்போது உங்கள் பழைய கைப்பேசி. அமைப்புகளில் திரை என்ற பகுதிக்குள் போனால் எழுத்தளவு, காட்சியளவு என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். தட்டச்சுக்கு ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தித் தமிழில் பேசுங்கள். எழுத்து தானே விழும். இணையம் இருந்தால் போதும். ஆண்டிராய்டு கைப்பேசி என்றால், அந்த மென்பொருளின் 12ஆம் பதிப்பு முதல் ஒரு கைப் பயன்பாடு என்ற வசதியும் உண்டு. மேலே இருப்பதைத் திரையின் கீழ்ப்பாதிக்கு இறக்கித் தரும். மணிக்கட்டு வலி நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் நான் வாய் வைக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது திரை அல்ல, "ஊருக்கு வரும் ஒருவரிடம்" என்ற வரி. நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கூலிக்குப் பொருள் சுமந்து வருகிறவர்கள் பெட்டியை மாற்றுவதும், புதியது என்று சொல்லிப் பழுது பார்த்த சரக்கைக் கொடுப்பதும் நடக்கிறது. உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். பெகுவில் கெட்டுப்போனால் கோலாலம்பூருக்கா அனுப்புவீர்கள்?

உள்ளூரில் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. நம் நாட்டில் கைப்பேசிக் கடைக்காரரே கூகுள் கணக்கும் பேஸ்புக் கணக்கும் திறந்து கொடுக்கும் பழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. உதவி போலத்தான் தோன்றும். கடவுச்சொல் அவருக்குத் தெரியும். சில இடங்களில் மீட்பு எண்ணாகக் கடையின் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, திரைப் பூட்டு மறந்துபோய்க் கைப்பேசியை அழித்துத் துவக்கினால் அது பழைய கணக்கைக் கேட்கும். கணக்கு யார் கையில்? திரும்பவும் அதே கடைக்குப் போய்க் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். என்னிடம் வரும் முதியவர்களில் பலர் பூட்டிய கைப்பேசியோடுதான் வருகிறார்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்க, உங்கள் எண்ணில், உங்கள் கையால் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை வீட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

தமிழ் எழுத்துரு போட்டுத் தருகிறேன் என்று தனிக் காசு கேட்டால் ஒரு பியா கூடக் கொடுக்காதீர்கள். இன்றைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்து உள்ளேயே இருக்கிறது, விசைப்பலகை இலவசம்.

பழைய கைப்பேசி வாங்கினால் திரையைப் பாருங்கள். பெரிய திரை உடைந்தால் மாற்றுவது செலவு. அதனால் எல்சிடி என்ற மலிவான வகைத் திரையைப் பொருத்தி, ஓலெட் என்ற விலை கூடிய அசல் திரை என்று விற்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. திரைக்கு அடியில் கைரேகை வாங்கும் வகை என்றால், உங்கள் விரலைப் பதியச் சொல்லுங்கள். எல்சிடி திரை மாட்டியிருந்தால் அது வேலை செய்யாது. "சென்சார் மட்டும் கொஞ்சம் பழுது, மற்றதெல்லாம் புதிது" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. பெகுவிலிருந்து ஓர் அம்மா ஒரு திரைக்காக மனுப் போட்டு எத்தனை வாசல் ஏறி இறங்குவார்? அதனால்தான் காசு கொடுக்குமுன் சோதிக்கச் சொல்கிறேன்.

பெரிய திரை உண்மையாகவே தேவைப்படுகிறவர்களும் உண்டு. எழுத்தை மிகப் பெரிதாக்கினால்தான் தெரியும் என்ற நிலையில் இருப்பவர்கள். தமிழில் சொற்கள் நீளம். எழுத்தை அந்த அளவுக்கு வளர்த்தால் குறுகிய திரையில் வரிக்கு ஒன்றிரண்டு சொல்தான் நிற்கும். ஒரே சொல் இரண்டு வரியாக முறியும். படித்த வரியை மறந்துவிட்டு மறுபடி மேலே போக வேண்டியிருக்கும். உங்கள் கைப்பேசியில் கண்ணுக்கு இதமாகும் வரை எழுத்தைக் கூட்டிப் பாருங்கள். வரிக்கு மூன்று நான்கு சொற்கள் நின்றால் இருக்கும் திரையே போதும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் கண்ணைக் காட்டுங்கள். கண்புரையாக இருந்து அறுவை செய்துகொண்டால் நிலைமையே மாறிவிடலாம்; அதற்குமுன் பணத்தைப் போடாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகும் அவ்வளவு பெரிய எழுத்து வேண்டுமென்றால் 6.8 அங்குலமும் உங்களுக்குச் சிறியதுதான். 10 அங்குல டேப்லெட் ஒன்றை மேசையில் சாய்த்து வைத்துப் படியுங்கள், மகனோடு காணொளியில் பேசுங்கள். கைக்குப் பாரமே இல்லை. பஸ்ஸுக்கு உங்கள் சிறிய கைப்பேசி போதும்.

இதையெல்லாம் கேட்டும் மகன் அனுப்பத்தான் செய்வான் என்றால், ரசீதின் படத்தையும் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். கொண்டுவருகிறவர் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பெட்டியைப் பிரித்து, கைப்பேசி காட்டும் எண்ணோடு அதை ஒத்துப் பார்த்துவிட்டுப் பிறகு காப்பி கொடுங்கள்.