வேப்பங்குச்சி

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். எங்கள் தெருவில் மூன்று மாடி வீட்டுக்காரரின் மனைவிக்கு மகளிர் உரிமைத்தொகை வருகிறது. அவர் அதை நகைச்சீட்டில் போடுகிறார். ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு வரவில்லை (திருமணத்துக்குப் பின் எனக்குத் தனி ரேஷன் கார்டு). எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே மீட்டர் என்பதால் ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டிவிட்டது என்று தள்ளிவிட்டார்கள்.

நான் இலவசங்களுக்கு எதிரி இல்லை. ஆனால் உண்மையிலேயே தேவைப்படுபவருக்கு மட்டும் போக வேண்டாமா? ஆதார், பான், மின் இணைப்பு எல்லாவற்றையும் இணைத்துக் கறாராக வடிகட்டினால் என்ன? மாநிலத்தின் கடனும் ஏறிக்கொண்டே போகிறதே? பொருளாதாரம் படிக்க ஆசை. எந்த நூலில் தொடங்கலாம்?

கார்த்திக்

*

அன்புள்ள கார்த்திக்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. கடையின் கைரேகைக் கருவியில் அவர் ரேகை விழவில்லை. விரலைப் புடவையில் துடைத்து வைத்தார், எச்சில் தொட்டு வைத்தார், வேறு விரலை வைத்தார். ஐம்பது வருடம் களை பறித்த விரல், அதில் ரேகைக்கு எங்கே போவது? விற்பனையாளர் நல்ல பெண், “இருங்க பாட்டி, அப்புறம் பாப்போம்” என்றாள். பாட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அந்த முகத்தோடு வீட்டுக்கு வந்து உங்கள் ‘கறாராக வடிகட்டினால் என்ன’வைப் படித்தேன். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், இன்னும் முழுதாகத் தணியவில்லை.

கடனைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. கடனில் எவ்வளவு பாலமாகவும் பள்ளிக்கூடமாகவும் நிற்கிறது என்று பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்து மிரள்வது கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அழகல்ல. இலவசம் என்ற சொல்லைப் பற்றிய சண்டையும் எனக்கு அலுத்துவிட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான அடிப்படை வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அதை யாரும் இலவசம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டு மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016 முதல் காசில்லாமல் வருகிறது. நீங்கள் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. போகட்டும்.

வடிகட்டுவதற்கு வருகிறேன். 1979 வாக்கில் நான் எட்டாம் வகுப்பு. கரிசல்காட்டு ஊர். உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும் என்றார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்ற பெரியம்மை, “தோட்ட கழத்தி வச்சிட்டுப் போடி, கேட்டாம்னா என்ன சொல்லுவ” என்றாள். அம்மா தோட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். அது கவரிங் தோடு, கார்த்திக். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

மதியம் வரை நின்றோம். குமாஸ்தா தலைமுதல் கால்வரை அவளைப் பார்த்தார். “தோடெல்லாம் எங்க?” “அடகுல கெடக்குய்யா.” அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சான்று கிடைத்தது, உதவித்தொகையும் வந்தது. ஆனால் அந்த வருடம் முழுக்க அம்மா தோட்டைப் போடவில்லை. பொங்கலுக்குக்கூட வேப்பங்குச்சிதான். அந்த ஆள் சந்தைப் பக்கம் வந்து பார்த்துவிட்டால்?

நீங்கள் கேட்கும் வடிகட்டி இதுதான். இன்று மேஜைக்குப் பின்னால் குமாஸ்தாவுக்குப் பதில் கணினி இருக்கிறது, அவ்வளவே. ‘இப்போதெல்லாம் யாரும் நிற்க வேண்டாமே, எல்லாம் தானாக நடக்கும்’ என்பீர்கள். நடந்ததே! குமாஸ்தாவிடம் உங்கள் அம்மா ‘ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம்யா’ என்று வாயைத் திறந்து சொல்லியிருப்பார். தள்ளுபடி என்று ஃபோனில் வரும் குறுஞ்செய்தியிடம் எப்படிச் சொல்வது? 3600 யூனிட் என்றால் மாதம் 300. இரண்டு வீட்டுக்குப் பிரித்தால் உங்கள் வீடு 150 யூனிட் வீடு. உங்கள் அம்மாவையே வெளியே தள்ளிய சல்லடையை இன்னும் இறுக்கச் சொல்லி எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். என்ன பிள்ளை நீங்கள்!

2023 செப்டம்பர் 15இல் இந்த மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குப் பணம் போனது. நல்ல திட்டம்தான். பெயரிலேயே உரிமை என்ற சொல் இருக்கிறது. ஆனால் அறிவிப்பில் ‘தகுதி வாய்ந்த’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். உரிமை என்றால் அதற்கு எதற்குத் தகுதி? குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவர்தான், மாதம் 20,800 என்றால் 2,49,600. உள்ளே. முதலாளி நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் 2,50,800. வெளியே. நூறு ரூபாய் சம்பள உயர்வுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். இந்தக் கணக்கை உங்கள் கம்பெனியில் போட்டால் உங்களை வேலையில் வைத்திருப்பார்களா?

1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. காரணம் நீங்கள் சொல்லும் அதே காரணம்தான், வசதியுள்ளவனுக்கு எதற்கு? விளைவு, 2004-05இன் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமத்து ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிக்கு அந்தக் கீழ்க்கோட்டு அட்டையே இல்லை. தமிழ்நாடு மட்டும் ‘எல்லாருக்கும்’ என்பதை விடவில்லை. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும் கூடுதல் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு அப்படியே நின்றது. இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன அபூர்வமான விஷயம்.

இங்கேயும் வடிகட்டல் உண்டு என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அரிசி வேண்டாம், கூடுதல் சர்க்கரை போதும் என்பவர் சர்க்கரைக் கார்டுக்கு மாறிக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாம் என்பவருக்குப் பண்டமில்லா அட்டை. வேண்டாதவர் தானே விலகிக்கொள்கிறார். வேண்டியவர் யார் காலிலும் விழுந்து நிரூபிக்க வேண்டியதில்லை. இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அரிசி கேரளாவுக்கு ரயிலேறுகிறது, கோழித் தீவனமாகிறது என்பதெல்லாம் தெரியும். அது திருட்டு, பிடிக்க வேண்டியது போலீஸ். அதற்கு அந்தப் பாட்டியின் விரலையா தேய்ப்பது?

வாத்தியார் வீட்டு அம்மாளும் அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும் ஒரே வரிசையில் மஞ்சள் பையோடு நிற்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. அரிசியில் புழு என்றால் வாத்தியார் வீட்டம்மாள் சத்தம் போடுவாள். ஏழைகளுக்கென்று மட்டும் நடக்கும் கடையில் யார் சத்தம் போடுவது?

மூன்று மாடி வீட்டம்மாவுக்கு ஆயிரம் ரூபாய் போவது எனக்கும் உவப்பில்லைதான். அவர் கணவரிடம் ஒழுங்காகச் சொத்துவரியும் வருமான வரியும் வாங்கினால் பத்து பேருக்கான ஆயிரம் திரும்பி வரும். அது செய்யத் தைரியம் வேண்டும், அதனால் செய்யமாட்டார்கள். ஆனால் அந்த அம்மா அதை நகைச்சீட்டில் போடுவதைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். மூன்று மாடியில் அவர் பெயரில் என்ன இருக்கிறது என்று விசாரித்தீர்களா? அவருக்கென்று வரும் ஒரே பணம் அதுவாக இருக்கலாம்.

நூல் கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். இன்னொரு நாள் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். தள்ளுபடிக்கு எதிராக இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போட வழி வைத்திருந்தார்களே, போட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போடவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். பெரியப்பாவையும் உட்காரவைத்துப் பேசித் தனி மீட்டருக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். அம்மாவை விண்ணப்பத்தோடு தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்